திக்கி என்ற பெயர்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நானும் பிள்ளைகளும் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை. போன் செய்யலாமா என்று எண்ணைக்கூட எடுத்தேன். போன் என்றால் உனக்கு எவ்வளவு பாடு என்று தெரிந்துகொண்டே அழைப்பது சரியில்லை என்று வைத்துவிட்டேன். நமக்குள் எப்போதும் கடிதம்தானே.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு, எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்துமூன்று வயதில் நான் எழுதிய கணினி மொழிக்கு இப்போது பெயரை மாற்றச் சொல்கிறார்கள். திக்கி என்ற பெயர், பேச்சு திக்குபவர்களைக் கேலி செய்கிறது என்று நவம்பரில் ஒருவர் எங்கள் பயனாளர் பக்கத்தில் விண்ணப்பம் போட்டார். அதில் இன்றைக்கு நாலாயிரம் கையெழுத்து. ஏப்ரலில் ஆண்டுக் கூட்டம், அங்கே ஓட்டெடுப்பு. பெயரை மாற்றுவது சட்டை மாற்றுவது போலவா? லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற கருவி என்று எத்தனையோ பெட்டிகளுக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. பாடப் புத்தகம்கூட வந்துவிட்டது. நீ பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகளும் அதில்தான் ஓடுகின்றன, உனக்கு நான் சொல்ல வேண்டுமா.

எங்கள் குழுவின் செயலாளர் ஒரு வழி சொன்னார். நான் மேடையில் அந்தப் பெயரின் கதையைச் சொன்ன நாளிலிருந்து, அது என் அண்ணனின் செல்லப்பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அண்ணனே தனக்கு வருத்தமில்லை என்று இரண்டு வரி கொடுத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்கிறார். நம் வீட்டில் எல்லாரும் ஆசையாகக் கூப்பிட்ட பெயர்தானே. உனக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்த வரிகளை நானே எழுதி இணைத்திருக்கிறேன். 'என் தங்கை அன்பினால் வைத்த பெயர் இது. எனக்கு இதில் பெருமைதான்.' கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
குட்டி


ஜனவரி 30

தங்கைக்கு,

தாள் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எழுத்தில் எனக்குத் திக்காது. அது உனக்கு மறந்து போயிருக்கலாம். எனக்குப் பெருமையா இல்லையா என்பதை நானே எழுதிக்கொள்வேன்.

வீட்டில் எல்லாரும் கூப்பிட்ட பெயர் என்கிறாய். அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்பா ஒரே ஒரு முறை கூப்பிட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வைத்தது நீ. உனக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. ஆறு வயதுக் குழந்தை வைத்ததற்கு நான் கோபப்படவில்லை. பள்ளிக்கூட வேனில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தாய், போகட்டும். இருபத்துமூன்று வயதில் உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தாய். அப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்று வருடம் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன்.

மெஷின் ரூமில் மதியச் சாப்பாட்டில் இருந்தோம். கூட வேலை பார்க்கும் வயரிங்காரர் போனை நீட்டி, "இந்தம்மா பேசுறதக் கொஞ்சம் பாருங்களேன், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்றார். மேடையில் நீ. உன் அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் கிணறே வற்றிவிடும் என்று சொல்லிவிட்டு, நான் தண்ணீர் கேட்பதைச் செய்து காட்டினாய். த, த, த என்று. கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை ஒரு பக்கம் இழுத்து. அச்சு அசலாக நான்தான். அரங்கம் முழுக்கச் சிரித்தது. அப்புறம், 'ஆனா கேக்காம விடமாட்டான், எங்க மொழியும் அப்படித்தான்' என்று முடித்தாய். கை தட்டினார்கள்.

அறையில் என்னோடு மூன்று பேர். அது நான் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நானும் திக்குபவன் என்பதால், என் எதிரில் சிரிக்கலாமா கூடாதா என்று சங்கடப்பட்டார்கள். அவர்களுடைய சங்கடத்தைப் போக்க நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். வயரிங்காரர் நிம்மதியாகி, முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்.

உனக்கு எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது. உன்னுடையது இல்லை. என்னுடையது.

அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் நின்று படித்தேன். மேலே போக முடியாமல், கீழேயும் போக முடியாமல், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தலை சுற்றுகிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். சத்தத்தை மூடிவிட்டுப் பார்த்தேன். கழுத்தை இழுக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் விடலாம், ஆனால் இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது: அந்த இடத்தை முந்தின நாள் ஹோட்டல் கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தேன். கழுத்து சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அன்பினால் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்பினால் செய்கிறவள் ஒத்திகை பார்ப்பாளா?

வீடியோவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் எங்கெங்கோ நகல் போயிருக்கிறது. என் கைக்கு அது இனி அடங்காது.

விண்ணப்பத்தை எதிர்த்து நான் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதைப் போட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. 'மாடிப்படி' என்ற புனைபெயரில் எழுதுகிறார். புதியவர் இல்லை. எங்கள் மொழியில் எட்டுப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சொன்னவர். போன வருடம் அவர் சொன்ன ஒரு திருத்தத்துக்கு நானே நன்றி எழுதினேன், அவ்வளவு அழகான எழுத்து. அவருக்குப் பதினோரு வயதில் திக்கிப் பேசுகிற மகள். பள்ளிக்கூடத்தில் கணினி வகுப்பில் இந்த மொழியைச் சொல்லித்தர ஆரம்பித்த நாளிலிருந்து பிள்ளைகள் அவளைத் திக்கி, திக்கி என்று கூப்பிட்டு, அவள் வகுப்புக்கே போக மாட்டேன் என்கிறாளாம். ஒரு நாள் முழுக்கத் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம்.

அந்தப் பெண்ணுக்கு நான் மூன்று தடவை மன்னிப்புக் கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு, அண்ணா. அந்த வயதில் நீ இருந்தபோது யாராவது என்ன சொல்லியிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்? எடுத்துக்கொடேன். அவள் அப்பாவுக்கும் எழுதினேன், பதில் இல்லை.

குட்டி


பிப்ரவரி 23

குட்டி,

அவளுக்கு எழுதாதே. அப்படி ஒரு பெண் இல்லை.

மாடிப்படி நான்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறு என்ன புனைபெயர் தோன்றும். ஐந்து வருடமாக அந்தப் பெயரில் பக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன். உன் நன்றிக் கடிதம் வந்த அன்று அதை மூன்று முறை படித்தேன். அப்போதே இரண்டு வருடமாக உன்னோடு பேசாதவன், வேறொருவனாக மாறி நின்று உன் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

நவம்பரில் எங்கள் நாலு கட்டடத்து லிஃப்டுகளுக்கும் புது கன்ட்ரோலர் வந்தது. பழைய பெட்டியில் கரண்ட் கொடுத்தால் வெறும் எண் வரும். புதியதில் சின்னத் திரை இருக்கிறது. அதில் 'திக்கி தயார்' என்று வருகிறது. பதினாலு லிஃப்ட். நான் மேலே மெஷின் ரூமில், சூப்பர்வைசர் கீழே. வாக்கி டாக்கியில் ஒவ்வொரு லிஃப்டுக்கும், "திக்கி வந்தாச்சா?" என்று கேட்பார். நான் வந்தாச்சு என்று சொல்ல வேண்டும். எனக்கு 'வ' எப்படி என்று உனக்குத் தெரியும். எல்லார் இடுப்பிலும் ஒரு வாக்கி டாக்கி. பதினாலு தடவை. ஏழாவதுக்கு மேல் அவரே, "சரி சரி, வந்தாச்சு" என்று எனக்காகச் சொல்லிக்கொண்டார். நல்ல மனிதர். மனதில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் விண்ணப்பத்தை எழுதினேன். நாற்பத்தேழு வயது மெக்கானிக் ஒருவன் வருத்தப்படுகிறான் என்று முதலில் எழுதினேன். படிக்க எனக்கே சகிக்கவில்லை. யாருக்கு என்ன வந்தது என்று இருந்தது. மெக்கானிக்கை அடித்துவிட்டு, பதினோரு வயது மகள் என்று போட்டேன். அதற்கப்புறம் வரிகள் தாமாக வந்தன. தலையணை அவளாகவே கொண்டு வந்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தின் வழியாக அவளுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. இருநூற்றுப் பன்னிரண்டு. முப்பது வருடம் திக்கிக்கொண்டே ஆசிரியராக வேலை பார்த்த ஒரு அம்மா நாலு பக்கம் எழுதியிருந்தார். ஒரு சின்னப் பையன் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். ஒரு வாக்கியம், ஒரு நிமிடம் பத்து விநாடி. நான் பதில் போட்டேன், குட்டி. இப்போது பரவாயில்லை, வகுப்புக்குப் போகிறாள் என்று அப்பாவாகப் பதில் போட்டேன்.

உன் அண்ணிக்கு இன்னும் தெரியாது. எத்தனை டாக்டர், எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியும். குழந்தை இல்லாத வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, அழவும் விட்டிருக்கிறேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது.

நீ இதைக் குழுவிடம் சொல்லலாம். சொல்வது நியாயம்தான்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இல்லாத ஒரு குழந்தைக்காக மூன்று வாரம் தூக்கம் கெட்டிருக்கிறேன். செயலாளரின் எண்ணை அழுத்திவிட்டேன். மணி போகிறது. இதைச் சொன்னால் விண்ணப்பம் செத்தது, பெயர் பிழைத்தது, நான் பிழைத்தேன். அவர் எடுத்து, சொல்லுங்கம்மா என்றார். கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று நீயே கேள்.

எங்கள் மொழியின் முதல் பக்கத்தில், இது எப்படிப் பிறந்தது என்று ஒரு பத்தி இருக்கிறது. நீயும் படித்திருப்பாய். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த யோசனை பளிச்சென்று தோன்றியதாக எழுதியிருக்கிறேன். பேட்டிகளில் அந்த பஸ்ஸின் நிறம்கூடச் சொல்லியிருக்கிறேன். உன் மகளைப் போலவே என் பஸ்ஸும் பொய்.

எனக்குப் பதினைந்து வயது. நீ என்னை ரயில் டிக்கெட் கவுன்டருக்குக் கூட்டிப் போனாய். ஊர்ப் பெயர் வராமல் நின்றாய், நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வெளியே வந்து, எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று கோபப்பட்டாய். எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து விளக்கினாய். "ஒரு வார்த்தை வரலன்னா அங்கேயே முட்டிக்கிட்டு நிக்க மாட்டேன். ரெண்டு வார்த்தை பின்னால போவேன். வேற வார்த்தையப் புடிச்சிக்கிட்டு வேற பக்கமா வருவேன். சொல்ல வந்தது மட்டும் மாறாது."

திக்கி முழுக்க அவ்வளவுதான், அண்ணா. ஒரு வேலை நடுவில் தடைப்பட்டால், நின்றுபோகாமல் இரண்டு படி பின்னால் போய் வேறு வழியாக வந்து முடிக்கும். லிஃப்ட் பாதியில் நிற்காமல் பக்கத்து மாடிக்காவது போய்க் கதவைத் திறப்பது அதனால்தான். அன்றைக்கே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ சொன்னதை எழுதி வைத்தேன். எட்டு வருடம் கழித்து எடுத்தேன். யோசனையை என் பெயரில் வைத்துக்கொண்டு, கேலியை உன் பெயரில் விட்டேன்.

கூட்டம் ஏப்ரல் 18. வா. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். நீ எழுதிக் கொடு, மேடையில் நான் வாசிக்கிறேன்.

குட்டி


மார்ச் 19

குட்டி,

டிக்கெட் கவுன்டர் எனக்கு நினைவிருக்கிறது. படிக்கட்டில் பேசியது மறந்தே போயிருந்தது. நீ எழுதிய பிறகும் மங்கலாகத்தான் வருகிறது. அதை எடுத்துக்கொண்டதற்கு எனக்கு உன் மேல் கோபம் வர வேண்டும். கோபத்துக்கு முன்னால் வேறு ஏதோ வருகிறது. ஐந்து வருடமாக அந்தப் புரோகிராமைப் படிக்கும்போதெல்லாம், இதை எழுதியவருக்கு என்னைப் போலவே புத்தி போகிறதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கடிதங்களையும் எடுத்துக் காட்டினேன். ராத்திரி வெகுநேரம் வரை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு, "அவளுக்குப் பேரு என்ன வச்சீங்க?" என்று கேட்டாள். பெயர் வைக்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு மிச்சத் துணியை மடித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூட்டத்துக்கு வருகிறேன். நீ வாசிக்க வேண்டாம். நானே பேசுகிறேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும். மகள் பொய் என்பது ஒன்று. அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது இரண்டு. பெயரை என்ன செய்வது என்பது மூன்று. எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது.

நீ முன்வரிசையில் உட்காரலாம். எடுத்துக்கொடுக்கக் கூடாது. இது ஒன்றுதான் நான் கேட்பது.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டாயே. வாசல் வரை ஓடி வந்து பார்த்தேன், காணவில்லை. அறுபத்தொன்றுக்கு ஒன்பது. ஜெயித்துவிட்டது. இனி அதன் பெயர் திக்கி இல்லை. மறுபடி. இன்று காலையே முதல் பக்கத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள். புது வெளியீடும் போய்விட்டது.

நீ பேசியதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. பதினேழு நிமிடம். மகள் இல்லை என்று நீ சொன்னபோது அரங்கம் எப்படி ஆயிற்று என்று நீயே பார்த்தாய். அந்த ஆசிரியை அம்மா வந்திருந்தார், உனக்குத் தெரியுமா? நடுவரிசையில் இருந்து எழுந்து வெளியே போனவர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இரண்டாவது விஷயத்தைச் சொன்னபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேண்டியதுதான்.

மூன்றாவதில் உனக்கு நின்றுபோனது. பேரை, பேரை என்று வந்து, ம, ம என்று நின்றது. கண்ணை மூடிக்கொண்டாய். கழுத்து இழுத்தது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்திருந்தேன், தெரியும். என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. இரண்டு வார்த்தை பின்னால் போய் மறுபடி வருவாயே, அதைத்தான் புதுப் பெயராகச் சொல்ல வருகிறாய் என்று நினைத்து, 'மறுபடி' என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். தலையாட்டினாய். செயலாளர் உடனே பலகையில் எழுதினார். எவ்வளவு பொருத்தமான பெயர், அண்ணா. எப்படி யோசித்தாய்? இத்தனை வருடம் பேர் வைத்தவள் நான், அதை மாற்றிய பெயர் உன் வாயிலிருந்து வந்ததில் எனக்குப் பாரம் இறங்கிவிட்டது.

ஒரே ஒரு வார்த்தைதானே எடுத்துக்கொடுத்தேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு போகவில்லையே?

குட்டி


மே 6

குட்டி,

இரண்டு வாரம் இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

நான் சொல்ல வந்தது 'மறுபடி' இல்லை. பேரை மாத்த வேண்டாம் என்று சொல்ல வந்தேன்.

மார்ச் முழுக்க யோசித்து அந்த முடிவுக்கு வந்திருந்தேன். பெயர் இருக்கட்டும், அதன் கீழே நடந்ததை எழுதி வையுங்கள் என்று சொல்ல நினைத்தேன். யார் வைத்தது, யாரைக் கேலி செய்ய வைத்தது, யோசனை யாருடையது, கடைசியில் அவன் என்ன பொய் சொன்னான் என்பது வரை. புதிதாக வருகிறவன் ஒவ்வொருவனும் இது என்ன பெயர் என்று கேட்பான். நாம் இரண்டு பேரும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அழகான பெயராக இருந்தால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நீ தப்பித்துவிடுவாய். நானும் தப்பித்துவிடுவேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அது சரியான முடிவா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அந்த ஆசிரியை அம்மா எனக்கு எழுதியிருக்கிறார். என்னை மன்னிக்கவில்லை என்று முதல் வரியில் எழுதிவிட்டு, பெயர் ஒழிந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று இரண்டாவது வரியில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் திரும்பவும் மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

உன் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வேண்டியதில்லை. தலையைக் குறுக்கே ஆட்டினால் போதும். நான் மேலும் கீழும் ஆட்டினேன். ஏன் தெரியுமா? யாராவது என் வாக்கியத்தை முடித்துவிட்டால் அது முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான். அந்த நிமிடத்துக்கு அது பெரிய விடுதலை. கடைகளில் எத்தனையோ தடவை கேட்காத சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆமாம், இதுதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பதினேழு நிமிடம் தலை நிமிர்ந்து நின்றுவிட்டு, கடைசி ஒரு வார்த்தைக்கு உன்னிடம் சாமானை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வந்து பஸ்ஸில் ஏறியதும், கை தட்டல் காதில் இருக்கும்போதே, யார் முகத்தையும் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன்


மே 27

அண்ணா,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் மன்னிப்பு மன்னிப்பு என்று நாலு பக்கம் எழுதியிருப்பேன். அதையும் நீ படித்து, பரவாயில்லை என்று பதில் போட வேண்டியிருக்கும். அதனால் முதலில் செய்வதைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று குழுவின் மாதக் கூட்டம். போன கூட்டக் குறிப்பில், மறுபடி என்ற பெயரை முன்மொழிந்தவர் நிறுவனரின் அண்ணன் என்று இருந்தது. அது தவறு, அதைச் சொன்னது நான், அவர் வேறொன்று சொல்ல வந்தார், நான் அதை மறித்துவிட்டேன் என்றேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப அவர் என்னம்மா சொல்ல வந்தாரு?" என்று கேட்டார். என் வாய் திறந்துவிட்டது, அண்ணா. பாதி திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவரைத்தான் கேட்க வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்றேன். ஒருவர், இதெல்லாம் பெரிய விஷயமா, பெயர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். இன்னொருவர் என் நேர்மையைப் பாராட்டி இரண்டு நிமிடம் பேசினார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

குறிப்பைத் திருத்திவிட்டார்கள். பெயர் அப்படியே இருக்கும். திரும்ப ஓட்டெடுக்க யாருக்கும் தெம்பு இல்லை. முதல் பக்கத்தில் பஸ் கதையை எடுத்துவிட்டு, டிக்கெட் கவுன்டரை எழுதினேன். பழைய பெயரையும், அதை வைத்தது யார், எதற்கு என்பதையும் எழுதினேன். மேடையில் உன்னைப் போல் செய்து காட்டியதையும் எழுதினேன். உன் மகளைப் பற்றி எழுதவில்லை. அது நீ எழுத வேண்டியது, எழுதினாலும் சரி, விட்டாலும் சரி. மொழியின் சார்பில் பேசுகிற பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். இனி எங்காவது கூப்பிட்டால் வேறு யாராவது போவார்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் என் பெரிய பெண் ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் அதை முடித்து வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் திக்குவாய் இல்லை. எல்லாரிடமும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

உன்னைப் பார்க்க வரலாமா? வரக்கூடாது என்றால் எழுது. கோபமில்லை.

குட்டி


ஜூன் 8

குட்டிக்கு,

முதல் பக்கத்தைப் படித்தேன். ஒரு திருத்தம். கவுன்டரில் நான் கோபப்பட்டதாக எழுதியிருக்கிறாய். அழுதேன் என்று உன் அண்ணி சொல்கிறாள். கல்யாணமான புதிதில் அவளிடம் அப்படித்தான் சொன்னேனாம். அழுதேன் என்றே போடு.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் விலாசம் கேட்டு வாங்கி, தனித்தனியாக உண்மையை எழுத ஆரம்பித்திருக்கிறேன். தொண்ணூறு முடிந்திருக்கிறது. உறைகளில் உன் அண்ணி விலாசம் எழுதுகிறாள். பலர் திட்டி எழுதுகிறார்கள். குரல் அனுப்பிய பையனுக்கு மட்டும் இன்னும் எழுத முடியவில்லை. அவனுக்குக் கடிதம் போதாது என்று தோன்றுகிறது. நானும் குரலில்தான் அனுப்ப வேண்டும். நாலு தடவை பதிவு செய்து அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. எனக்கு அன்று டியூட்டி இல்லை. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, ஐந்து மாடி ஏற வேண்டும், சிரிக்காதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். எழுத மாட்டேன். வாயால்தான் கேட்பேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் போக டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு வராதே.

அண்ணன்